ஐசரின் மரக்காலும் இரண்டு அளவுகோல்களும்

மரக்காலோடு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜார்ஜ் ஐசரின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1870-இல் ஜெர்மனியில் பிறந்து, பதினான்கு வயதில் அமெரிக்காவில் குடியேறியவர் ஐசர். ரயிலில் அடிபட்டு இடது காலை இழந்தார் என்பார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கெழுதி வாழ்ந்தார். 1904-இல் அதே ஊரில் ஒலிம்பிக் நடந்தபோது, ஜூலை மாதத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களை நூறு கஜம் ஓடவும், நீளம் தாண்டவும், குண்டு எறியவும் வைத்து அந்தப் புள்ளிகளையும் மொத்தக் கணக்கில் சேர்த்தார்கள். கம்பி, மரக்குதிரை ஆகிய கருவிகளில் நூற்றுக்கு மேற்பட்டோரில் முன்வரிசையில் நின்றவர், அந்த மூன்றில் பட்டியலின் அடிக்குப் போனார். அக்டோபரில் கருவிப் போட்டிகள் மட்டும் தனியாக நடந்தன. ஒரே நாளில் ஆறு பதக்கங்கள். இணைக்கம்பி, வால்ட், கயிறேற்றம் மூன்றிலும் தங்கம். இடையில் நான்கே மாதம். அதற்குள் அவருடைய மனவுறுதி பெருகிவிட்டதா என்ன? அளவுகோல்தான் மாறியது.

அக்டோபரில் மோதியவர்கள் எல்லோரும் அமெரிக்கர்கள்தானே, அந்தப் பதக்கத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உலகின் தலைசிறந்தவர் ஐசர் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால், அந்த ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் அள்ளிய ஆன்டன் ஹைடாவோடுதான் வால்ட் தங்கத்தை அவர் பகிர்ந்துகொண்டார். கால் இல்லாததால் எடை குறைந்து கயிறேறுவது எளிதாயிருக்கும் என்பதும் ஒரு வாதம். கயிற்றுக்கு அது பொருந்தலாம். வால்ட் அப்படியல்ல. ஓடி வந்து, காலை ஊன்றி எழும்பி, நீண்ட மரக்குதிரையைத் தாண்ட வேண்டும். அங்கே மரக்கால் எந்த விதத்திலும் சலுகை ஆகாது.

மனவுறுதி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது ஜூலையிலும் அவரிடம் இருந்தது. அதை மட்டும் புகழ்ந்தால், தோற்றுப்போன மாற்றுத்திறனாளிகளுக்கெல்லாம் உறுதி போதவில்லை என்று பழி சுமத்துவதாகிவிடும். உறுதியோடு, ஐசருக்குப் பின்னால் கன்கார்டியா என்ற ஜெர்மானியக் குடியேறிகளின் உடற்பயிற்சிச் சங்கம் இருந்தது. பயிற்சிக்கு இடம், கருவி, கூட்டாளிகள் எல்லாம் அங்கே கிடைத்தன. ஒற்றைக் காலைக் காரணம் காட்டி அவரை அணியிலிருந்து யாரும் ஒதுக்கவில்லை. 1908-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த சர்வதேசப் போட்டிக்குச் சென்ற கன்கார்டியா அணியிலும் ஐசர் இருந்தார்.