தமிழிலும் ஒரு தாள் கொடுங்கள்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி, லயோலா, மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி எல்லாம் 1978இல் தன்னாட்சி பெற்றன. பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ளலாம் என்றானதும், ஆங்கில வழியில் படித்து வந்த பிள்ளைக்கும் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கும் ஒரே ஆங்கிலப் பாடத்தை நடத்துவது நியாயமில்லை என்ற எண்ணம் இத்தகைய கிறித்தவக் கல்லூரிகளில் வலுப்பெற்றது. சேர்ந்ததும் ஒரு தேர்வு வைத்து, பொது ஆங்கிலத்துக்கு ஏ ஸ்ட்ரீம், பி ஸ்ட்ரீம் என்று பிரிக்கும் ஏற்பாடு அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். நோக்கம் நல்லது, அதை மறுக்கவில்லை. அந்தத் தேர்வு பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதே நம் கவலை.

தாளைப் பாருங்கள். ஒரு பத்தி, அதன்கீழ் ஐந்து கேள்விகள். கோடிட்ட இடத்தில் 'ஏ', 'ஆன்', 'தி' நிரப்ப வேண்டும். கடைசியில் சொந்த ஊரைப் பற்றிப் பத்து வரி. உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வருகிறவளுக்குத் தன் ஊரைப் பற்றிச் சொல்ல நூறு வரி இருக்கும்: கண்மாய், மடை, கோயில் கொடையில் வந்த தகராறு, நூறுநாள் வேலைக்குப் போகும் அம்மா. ஆங்கிலத்தில் மூன்றாவது வரியிலேயே பேனா நின்றுவிடுகிறது. மறுநாள் நோட்டீஸ் போர்டில் அவள் பெயர் பி பட்டியலில் இருக்கும். அன்று முதல் ஹாஸ்டலில் "நீ எந்த ஸ்ட்ரீம்?" என்றுதான் பேச்சே தொடங்கும். ஆங்கிலத்தை அளக்க வந்த தாள் அவள் அறிவையே அளந்துவிட்டதாக எல்லாரும் நம்புகிறார்கள். சில வாரத்தில் அவளும் நம்பத் தொடங்குகிறாள். இதைவிடக் கொடுமை வேறில்லை.

ஆகவேதான் தமிழிலும் ஒரு தாள் கேட்கிறோம். அதே ஊர், அதே பத்து வரி. அவள் யோசிக்கிறாள், யோசித்ததைக் கோவையாகச் சொல்கிறாள் என்பது முதல் வாரமே ஆசிரியர் கண்ணில் படும். ஏ ஸ்ட்ரீமில் இருக்கும் சிலருக்கு ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் பிழையில்லாமல் எழுத வரவில்லை என்பதும் தெரியவரும். பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ், தமிழ் படித்திருந்தும் மொழிப் பாடமான பகுதி ஒன்றில் வேறு மொழி எடுத்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ் என்று பட்டப்படிப்பின் பகுதி நான்கில் ஏற்கெனவே விதி உண்டு. ஆனால் அந்த விதி பள்ளிச் சான்றிதழைப் பார்த்து முடிவுசெய்கிறது. பிள்ளை எழுதியதைப் பார்ப்பதில்லை.

பகுதி நான்கு என்றதும் அதில் வரும் மற்றப் பாடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் இட்ட உத்தரவின் வழியே கல்லூரிக்குள் வந்த சுற்றுச்சூழல் பாடம், முந்தின இரவு கைடைப் புரட்டி எழுதும் பாடமாகிவிட்டது. நன்னெறி வகுப்பின் நிலை அதைவிட மோசம். கிறித்தவப் பிள்ளைகளுக்கு ஓர் அறையில் வேதாகமம், மற்றவர்களுக்கு வேறோர் அறையில் நன்னெறி என்று பிரித்துவிடுகிறார்கள். சாதியைப் பற்றி, வரதட்சணையைப் பற்றி, மன்னிப்பைப் பற்றிப் பேச வேண்டிய அந்த ஒரு மணி நேரத்திலாவது எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டாமா? வேதாகமம் கற்பிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. விரும்புகிறவர்களுக்கு அது தனியாக நடக்கட்டும். நன்னெறி வகுப்பு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

ஆங்கிலத் தேர்வுக்கே திரும்புவோம். அது இருக்கட்டும். பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள். துறையின் மூத்த ஆசிரியர்களை பி ஸ்ட்ரீமுக்கு அனுப்புங்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரை அங்கே தள்ளிவிடாதீர்கள். ஒரு செமஸ்டர் முடிந்ததும் மறுபடி தேர்வு வைத்து, முன்னேறியவர்களை மாற்றிவிடுங்கள். கிறித்தவக் கல்லூரி முதல்வர்களும் பாடத்திட்டக் குழுவினரும் வரும் கல்வியாண்டுக்கு முன்பே இதை எடுத்துப் பேச வேண்டுகிறோம். இந்தத் தேர்வை எழுதி பி பட்டியலில் பெயர் பார்த்த வாசகர்கள் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.