நேர்வாளம் கற்பிக்கும் பாடம்

"எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே" என்று நம் சங்கக் கூட்டங்களில் யாரேனும் முழங்கினால் கைத்தட்டல் எழுகிறது. அப்பெருமையை ஒரே ஒரு வித்தைக் கொண்டு எடைபோட விரும்புகிறேன்.

நேர்வாளம் கடும் பேதி மருந்து. சுத்தி செய்யாமல் சித்த மருத்துவர் அதனைக் கையாளார். இது அனுபவம் தந்த நல்லறிவே. ஆனால் அவ்வெண்ணெயிலுள்ள பார்பால் எஸ்டர் உயிரணுவில் செய்வது என்ன?

புரோட்டீன் கைனேஸ் சி என்னும் நொதியை அது முடுக்குகிறது என 1982-ல் ஜப்பானிய அறிஞர் நிஷிசூக்காவின் குழுவினர் காட்டினர். 1995-ல் படிக ஆய்வு அதன் வழியையும் விளக்கியது. அந்நொதியின் சி1 பகுதியில் நீரை நாடும் பள்ளம் ஒன்றுண்டு. எஸ்டர் அதில் மூடிபோல் அமர்கிறது. பகுதியின் வடிவம் பெரிதும் மாறுவதில்லை; அதன் முகப்பு மட்டும் கொழுப்பை நாடுவதாகிவிடுகிறது. நொதி உயிரணுச் சவ்வில் ஊன்றுகிறது, அதன் செயல்வாயை அடைத்திருந்த துண்டு விலகுகிறது, வேலை தொடங்குகிறது.

உடலில் இயல்பாக இப்பணி செய்யும் டைஅசைல்கிளிசரால் விரைவில் மறையும். எஸ்டரோ நெடுநேரம் நிற்கும். புற்றுக்கு வித்திடப்பட்ட எலித்தோலில் கட்டிகளை வளர்ப்பதும் இந்த எஸ்டரே. "மூலிகைதானே, தீங்கில்லை" என்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

தோழர்களே! முன்னோர் விளைவைக் கண்டனர். காரணத்தைக் கண்டவர் வேறு நாட்டார். இதில் நாணமில்லை. காரணம் தேடாமல் கைதட்டிக் கலைவதில்தான் நாணம் உண்டு. பெருமை பேசும் நேரத்தில் பாதியையேனும் ஆய்வுக்கூடத்துக்கு அளிப்போம்.