விசேஷம் நம்ம வீட்டில், வண்டி யார் வாசலில்?

சமீபத்தில் தங்கை மகளின் வளைகாப்புக்காக ஊத்துக்குளியிலிருந்து திருப்பூருக்கு, மகனின் காரில் குடும்பத்தோடு போயிருந்தோம். தங்கை இருப்பது குடியிருப்புப் பகுதிதான். ஆனால் திருப்பூரில் குடியிருப்புத் தெரு என்றால் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு வீட்டுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி, துணி பண்டல் இறக்க ஒரு டெம்போ, வரிசையாக டூவீலர்கள். அதோடு எங்கள் உறவுக்காரர்களின் கார்களும் சேர்ந்ததும் தெருவே அடைந்துவிட்டது. "நல்ல நேரம் முடியப் போகுது, சீக்கிரம் வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வர, எதிர் வீட்டு கேட்டை ஒட்டி காரை நிறுத்திவிட்டு ஓடினோம்.

வளையல் போட்டு, கலந்த சாதம் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வெளியே வந்தபோதுதான் அந்தக் காட்சியைப் பார்த்தேன். தெருமுனையில் ஒரு ஆட்டோ நிற்கிறது. அங்கிருந்து ஒரு அம்மா, பக்கவாதத்தில் ஒரு கால் இழுத்துக்கொண்ட தன் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக, உச்சி வெயிலில் நடத்திக் கூட்டி வருகிறார். அவர்கள் வந்து நின்றது எங்கள் கார் மறித்திருந்த அதே கேட்டில்!

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் இதே கதைதானாம். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "யாரு வண்டின்னு தெரியலீங்க. விசேஷ வீட்டுல வந்து சத்தம் போட்டா நல்லாவா இருக்கும்? அதான் பேசாம போயிட்டமுங்க" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

தங்கை சொன்னதுதான் இன்னும் சுட்டது. "நீங்கெல்லாம் கார்ல ஏறிப் போயிருவீங்கக்கா. நாளைக்குக் காலைல கோலம் போடறப்ப அவங்க மூஞ்சில முழிக்கறது நான்தானே?" சாவி கொடுத்து வைப்பதும், சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கச் சொல்வதும் அந்த வீட்டில்தான். ஒரு நாள் விருந்துக்கு வந்த நாங்கள், வருஷக்கணக்கான பழக்கத்துக்கு உலை வைக்கப் பார்த்தோமே!

இதன் மறுபக்கமும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் கதித்தமலைத் தைப்பூசத் தேருக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால் தெருவெல்லாம் வண்டிதான். ஒரு வருஷம் யாரோ என் கோலத்தின் மேலேயே காரை ஏற்றி நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் வாசலில் இரண்டு கல்லை வைத்துக் கயிறு கட்டி, 'நோ பார்க்கிங்' என்று அட்டையும் மாட்டிவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால், தெரு நம் பட்டாவில் இல்லையே! சென்னையில் 2024 ஏப்ரலில், அனுமதியில்லாமல் வீடு, கடை முன்னால் 'நோ பார்க்கிங்' போர்டும் தடுப்பும் வைப்பவர்கள் மேல் நடவடிக்கை எடுப்போம் என்று போக்குவரத்து போலீசார் எச்சரித்தார்கள். அதே சமயம், வாசல் வழியை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989ம் ஆண்டின் சாலை விதிகளிலேயே சொல்லியிருக்கிறது. 2017ல் வந்த புதிய விதிகளிலும் அது உண்டு. ஆக, கேட்டுக்குப் போய்வரும் வழி நம் உரிமை. மதில் சுவர் நீளத்துக்கும் தெரு நமக்கே சொந்தம் என்பது பேராசை.

ஜப்பானில் 1962லேயே சட்டம் போட்டு, நிறுத்த இடம் இருப்பதைக் காட்டினால்தான் கார் என்று வைத்துவிட்டார்கள். நாமோ வீடு கட்டும்போது காருக்கென்று பிளானில் காட்டிய இடத்தில் நாலு தையல் மெஷினைப் போட்டு வாடகைக்கு விட்டுவிட்டு, சொந்தக் காரைத் தெருவில் நிறுத்துகிறோம். பிறகு விருந்தாளிக்கு இடம் எங்கே இருக்கும்?

சட்டமும் அபராதமும் ஒரு பக்கம் இருக்கட்டும். பெண்கள் நாம் நினைத்தால் பாதிப் பிரச்னை தீரும். விசேஷத்துக்கு அழைக்கும்போதே, "வண்டியை இன்ன மைதானத்துல, இன்ன ரோட்டோரத்துல விட்ருங்க" என்று சொல்லிவிடலாம். பந்திக்கு ஆள் போடுகிற நாம், தெருமுனையில் வண்டிக்கு இடம் காட்ட ஒரு பையனை நிறுத்த மாட்டோமா? இரண்டு நாள் முன்னாடியே அக்கம்பக்கத்து வீட்டில், "அன்னைக்கு உங்களுக்கு ஆஸ்பத்திரி, வெளியூர்ப் பயணம் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டு வைக்கலாம். போகிறவர்கள், வயசானவர்களையும் சீர்த் தட்டுகளையும் வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளி விட்டுவிட்டு நடந்து வரலாம். வேறு வழியே இல்லாமல் தெருவில் நிறுத்தினால், 108 ஆம்புலன்ஸ் வந்தால் போக வழி இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கலாம். போன் நம்பரை ஒரு சீட்டில் பெரிதாக எழுதி முன் கண்ணாடியில் வைக்க ஒரு பைசா செலவில்லை. வாசலை மறித்துவிட்டார்கள் என்று டயரில் காற்றைப் பிடுங்கி விடுகிறவர்களும் உண்டு. அதற்குமுன் விசேஷ வீட்டுக் கதவை ஒரு தடவை தட்டிக் கேளுங்களேன்.

அடுத்த வாரமே அரைக் கிலோ வெண்ணெயோடு அந்த அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை காரைத் தெருவுக்கு வெளியே விட்டுவிட்டு நடந்துதான் போனோம். எங்கள் வீட்டு வாசல் கல்லும் கயிறும்கூட இப்போது இல்லை. 'கேட்டை மறைக்காமல் நிறுத்தவும்' என்று மட்டும் கேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

என்ன தோழிகளே, அடுத்த விசேஷத்துக்குக் கிளம்பும்போது வண்டியை எங்கே விடுவது என்பதையும் யோசித்துவிட்டுக் கிளம்புவோமா?

- ஒரு வாசகி, ஊத்துக்குளி.