திறவுகோல் யார் கையில்?

கம்பம் பள்ளத்தாக்கிலே, முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் திராட்சையும் செழிக்கும் பிரதேசத்தில் உள்ள காமயகவுண்டன்பட்டி, தேச விடுதலைப் போருக்குத் தியாகிகள் பலரைத் தந்த ஊர். காந்தியடிகளுக்குக் கோயில் எழுப்பிய ஊரும் அதுவே. இவ்விரு பெருமைகளும் தமிழ்நாடு முழுவதற்கும் உரியவை. ஆயினும், மகாத்மாவின் சிலைக்கு மாலை சூட்டுவது எளிது. அவர் விரும்பியபடி எல்லா ஜாதியாரும் ஒரே கூரையின்கீழ் சரிசமமாக உட்காருவதே அரிது. அதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பற்றியே இன்று எழுதப் புகுகிறோம்.

பழைய நாளில் ஊர்ச் சாவடியும் மந்தையும் ஜனங்களைக் கூட்டிவைத்தன என்று ஏங்குவோர் உண்டு. அந்த ஏக்கத்தில் பாதிதான் நியாயம். சாவடித் திண்ணையிலே பெண்கள் அமர்ந்தார்களா? தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அமர முடிந்ததா? பின்னர் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. அதன் ஒலிபெருக்கி ஜாதி பார்த்து ஒலிக்கவில்லை. செய்தி கேட்க வந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டு பேசிப் போனார்கள். பிறகு பொதுத் தொலைக்காட்சிப் பெட்டி அவ்வேலையைச் செய்தது. வீட்டுக்கு வீடு பெட்டி வரத் தொடங்கியதும், 2006-ல் அரசாங்கமே இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியதும், அந்த மாலைக் கூட்டம் கலைந்தது. ஏழையின் வீட்டுக்குப் பெட்டி வந்ததை நாம் குறைகூறவில்லை. கலைந்த கூட்டத்துக்கு மாற்று ஏற்பாடு செய்யாததையே குறைகூறுகிறோம்.

சட்டத்தில் குறைவில்லை. பொது வீதி, கிணறு, குளம், பொது இடங்கள் யாவும் தாழ்த்தப்பட்டோருக்கும் திறந்திருக்க வேண்டுமென்று 1924-ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-வது ஷரத்து, அரசாங்கப் பணத்தால் பராமரிக்கப்படும் பொது இடங்களில் ஜாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் அத்தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது, உண்மையே. ஆனால் கதவைத் திறப்பது வேறு, உள்ளே கூடி உட்காருவது வேறு.

இன்று நம் ஊர்களிலே நடப்பதென்ன? சமுதாயக் கூடம் என்ற பெயரில் கட்டடங்கள் பல எழுந்திருக்கின்றன. முகூர்த்த நாளில் வாடகைக்குத் திறக்கப்பட்டு, மற்ற நாட்களில் பூட்டிக் கிடப்பவை எத்தனை! ஒரு தெருவுக்குள் கட்டினால் அது அந்தத் தெருவின் கூடமாகிவிடுகிறது. மற்றத் தெருவார் தங்கள் ஜாதி மகாலைத் தேடிப் போகிறார்கள். ஆக, சர்க்கார் பணமும் ஜாதிப் பணமும் தனித்தனியே செலவாகி, ஜனங்களும் தனித்தனியே இருக்கிறார்கள். கட்டடங்கள் பெருகின, சங்கமம் பெருகவில்லை.

இதன் விளைவு அற்பமானதன்று. 1989-ல் இப்பகுதியிலேயே போடிநாயக்கனூரில் ஜாதிக் கலவரம் மூண்டதை மறந்தவர் இரார். கலகத்தின் வேர்கள் பல. ஆனால் வதந்தி தீப்போல் பரவுவது, எதிர்த்தெருவாரின் முகமும் பெயரும் அறியாத இடத்தில்தான். நேற்று மாலை பக்கத்தில் அமர்ந்து பத்திரிகை படித்தவனைப் பற்றிக் கேட்ட பொய்யை நம்புமுன் மனிதன் சற்றே தயங்குகிறான். அந்தத் தயக்கமே ஊரின் காவல்.

தமிழர் வாழும் சிங்கப்பூரிலே 1960 ஜூலை முதல் தேதி மக்கள் கழகம் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டு, சமூக நிலையங்களை நடத்தி வருகிறது. 1964-ல் அங்கு இனக்கலவரம் நேர்ந்தபின், வட்டாரந்தோறும் பல இனத்தார் சேர்ந்த நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்நிலையங்களின் நிர்வாகம் அரசாங்கத்தின் பிடியில் இருப்பதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அவை தினந்தோறும் திறந்திருப்பதையும், சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே வாசலில் நுழைவதையும் பின்பற்றலாம்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். பள்ளத்தாக்கின் ஒவ்வோர் ஊரிலும், எந்த ஒரு தெருவுக்கும் சொந்தமென்று சொல்ல முடியாத பொதுச் சாலையோரத்தில், ஒரு பொது மன்றம் அமையட்டும். இருக்கும் கட்டடமே அப்படி அமைந்திருந்தால் அதுவே போதும். முகூர்த்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாலைதோறும் ஓர் அறையாவது திறந்திருக்கட்டும். பத்திரிகைகளும், பரீட்சைக்குப் படிக்கும் வாலிபர்களுக்கு மேஜையும் விளக்கும் இருக்கட்டும். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் பெண்களுக்கு வசதியான நேரமும் இடமும் ஒதுக்கப்படட்டும். வாடகை விகிதம் எல்லோருக்கும் ஒன்றென வாசலில் எழுதப்படட்டும். முன்பதிவுப் புத்தகத்தை யாரும் பார்க்கலாமென்பது விதியாகட்டும். முக்கியமாக, திறவுகோல் ஒருவர் வீட்டு ஆணியிலே தொங்காமல், எல்லாத் தெருவாரும் பெண்களும் அடங்கிய குழுவிடம் மாதமுறையாக மாறி வரட்டும்.

வாடகை வருமானம் குறையுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஒரு கலவரத்தின் செலவை அவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். கையிலே செல்போன் வைத்திருப்பவன் மன்றத்துக்கு எதற்கு வருவான் என்று வேறு சிலர் கேட்கலாம். செல்போன் அவனவனுக்கு இஷ்டமானவர்களோடு அவனவனைச் சேர்க்கிறது. தற்செயலாகப் பக்கத்தில் வந்து அமரும் அயலானோடு சேர்ப்பது பொது மன்றமே.

காமயகவுண்டன்பட்டியார் காந்தியடிகளுக்குக் கோயில் கட்டி வழிகாட்டியவர்கள். பொது மன்றத்தின் கதவை மாலைதோறும் திறந்துவைப்பதிலும் அவர்களே முன்நிற்பார்களாக. ஏனைய ஊர்கள் அவர்களைப் பின்தொடரும் என்று நாம் நம்புகிறோம்.