மருந்து என்று யார் சொன்னது?

ஐதராபாத்தில் நான் தங்கியிருக்கும் வீட்டின் பால்கனியில் ஐந்து செம்பருத்தித் தொட்டிகள் உள்ளன. சென்ற மாதம் அவற்றின் கொழுந்துகளில் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி படர்ந்தது. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. அருகிலிருந்த நர்சரிக்காரர் பழைய குளிர்பானப் புட்டியொன்றில் ஏதோ ஒரு திரவத்தை ஊற்றித் தந்து, "மந்து" என்றார். புட்டியின்மேல் பெயரில்லை, அளவில்லை, எச்சரிக்கையில்லை. உடன் தங்கியிருக்கும் தோழி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் மோர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டார். கேட்டால், "மருந்து வெயிலில் கெட்டுவிடாதா?" என்கிறார். அவர்மீது பிழையில்லை. சொல் காட்டிய வழியில் நடந்திருக்கிறார்.

தெலுங்கில் மந்து, தமிழில் மருந்து, இந்தியில் தவா. நாடு முழுவதும் நஞ்சை நோய் தீர்ப்பதன் பெயரால்தான் விற்கிறோம். சொற்பொருள் விரிவது இயல்பு, வெடிமருந்தை எவரும் விழுங்குவதில்லையே என்று என் துறை நண்பர்கள் வாதிடுவர். அங்கே 'வெடி' என்னும் அடை காவல் நிற்கிறது. 'பூச்சி' அப்படி நிற்பதில்லை. வயிற்றுப் புழுவுக்குக் குழந்தைக்குப் புகட்டுவதும் நம் வீடுகளில் பூச்சிமருந்துதான்! கடைப்பேச்சில் அந்த அடையும் உதிர்ந்து வெறும் மருந்தே எஞ்சுகிறது.

சட்டம் இவ்வளவு நாகரிகம் பார்ப்பதில்லை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971இல் வந்த விதிகள், கடும் நச்சுத்தன்மை கொண்டவற்றின் சீட்டில் 'நஞ்சு' என்று சிவப்பில் அச்சிடச் சொல்கின்றன. பெரிய கலனிலிருந்து சிறு புட்டிக்கு மாற்றும் நொடியில் அந்தச் சொல் காணாமற்போகிறது. 2013இல் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு இந்நாட்டில் காலங்காலமாகத் தெளிக்கப்பட்ட அதே 'மருந்து'.

இச்சொல்லின் இரண்டாவது தீங்கு நுட்பமானது. மருந்து என்றதும் செடி நோயாளியாகிவிடுகிறது. என் செடிகளுக்கு நோயில்லை. நான்தான் யூரியாவை அள்ளிப் போட்டு, பூச்சி விரும்பும் இளந்தளிரை மிகுதியாக வளர்த்திருந்தேன். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்போன்ற கசிவுக்காக எறும்புகள் அதனைக் காத்து நிற்கின்றன. தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகின்றன. மெழுகுப் பூச்சுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி தெளிப்புக்குத் தப்பிவிட, பொறிவண்டுதான் மடிகிறது. இமிடாகுளோப்ரிட் போன்றவையோ செடியின் சாற்றிலேயே ஊடுருவிப் பூந்தேன்வரை செல்பவை. தேனீயின் பொருட்டு ஐரோப்பிய ஒன்றியம் அதைத் திறந்தவெளியில் பயன்படுத்த 2018இல் தடைவிதித்தது. நாமோ அந்தச் செம்பருத்திப் பூவைப் பறித்துத் தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறோம்.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவியபோது தெளிப்பான்கள் ஓயவில்லை, பூச்சியும் ஓயவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிகளை வயல்களில் விட்ட பின்னரே அது அடங்கியது. கடுகினும் சிறிய குளவி. அதற்கு நாம் எந்தப் பட்டமும் சூட்டவில்லை.

நான் செய்தது எளியது. பூச்சி மண்டிய கொழுந்துகளை வெட்டிப் பையில் கட்டி அகற்றினேன். இலையின் அடிப்புறத்தில் வேகமாக நீர் பாய்ச்சினேன். பாட்டி வீட்டு உணவு அலமாரிக்கு வைத்ததுபோல் தொட்டித் தாங்கிகளின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்ததும் எறும்பின் வரத்து நின்றது. லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை, வெயில் தாழ்ந்த பின். மூன்று செடிகள் பூக்கின்றன. ஒன்று தேறிவருகிறது. ஒன்று போய்விட்டது.

புட்டியை நர்சரிக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். "மந்து பிடிக்கவில்லையா?" என்றார். "இது மந்து இல்லை, விஷம்" என்றேன்.

சிரித்தார். "அப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள்?"