வரம்பிலே ஒரு நண்டு வளை

கல்முனைக் கடைத்தெருவில் உள்ள புடவைக் கடையொன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் நம் பழைய மாணவர் ஒருவர். நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்களுக்கு முன் அவரைக் கண்டபோது, "தம்பி, தரவுத்தள இயக்கியின் புதிய பதிப்பை ஏற்றினீரா?" என்று வினவினோம். அவர் சிரித்தார். "ஓடுற வண்டிய ஏன் சேர் நிப்பாட்டுவான்? இது யாவார நேரமல்லவா?" என்றார்.

இயக்கி என்பது யாது? தரவுத்தளம் கடையின் பேரேடு என்றால், விற்பனை மேசையிலிருந்து எழும் கேள்வியைப் பேரேட்டுக்கு விளங்கும் மொழியில் உரைத்து, விடையைக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளனே இயக்கி. மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லைப் பிழைபடக் கொண்டால் வழக்கே மாறிவிடும் அன்றோ?

2024 பெப்ரவரியில் அவ்வாறான பிழையொன்று வெளியாயிற்று. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குரிய ஜாவா இயக்கியில் அது இருந்தது. கேள்வி வாக்கியத்தில் கழித்தற் குறியை அடுத்து ஓர் எண் இடப்படுகையில், அவ்வெண்ணும் எதிரெண்ணாயின் இரண்டு கோடுகள் சேர்ந்து நின்றன. தரவுத்தள மொழியில் இரட்டைக் கோடு, "இவ்வரியின் மீதியைக் கருதாதே" என்பதற்கு அடையாளம். அவ்விடுக்கின் வழியே வஞ்சகன் தன் கட்டளையை உள்ளே நுழைக்கலாம். இயல்பான அமைப்பில் இக்குறை இல்லை. 'எளிய வினவல் முறை' என்பதைத் தெரிந்தெடுத்தோருக்கே ஆபத்து. 42.7.2 ஆம் பதிப்பிலும், பழைய வரிசைகளுக்கான திருத்தங்களிலும் அது நீக்கப்பட்டது. நம் மாணவர் ஓட்டுவதோ அதற்கு முந்திய பதிப்பு. எம்முறையைத் தெரிந்தெடுத்தார் என்பது அவருக்கே நினைவில்லை!

திருத்தம் வெளியாகும் நாளில் ஓட்டை இருக்குமிடமும் உலகறிய வெளியாகிறது. காப்பவனும் கள்வனும் ஒரே அறிவித்தலைத்தான் படிக்கிறார்கள். அன்று முதல் தாமதம் கள்வனுக்கே துணை.

தாமதத்தின் விலையை நம் நாடே அறியும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் முகில் சேவை பணயத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அங்கே பழையதாகியிருந்தது இயக்கியன்று. 2013 ஆம் ஆண்டு மின்னஞ்சல் மென்பொருள். உற்பத்தியாளரே 2023 ஏப்ரலில் அதன் பராமரிப்பை நிறுத்தியிருந்தனர். புதுப்பிக்கும் திட்டம் 2021 முதலே இருந்தும் பணத் தட்டுப்பாட்டால் பின்தள்ளப்பட்டது. அக்காலத்துக்குரிய பிரதி தனியே வைக்கப்பட்டிருக்கவும் இல்லை.

இவற்றையெல்லாம் சொன்னபின் மாணவர் சற்று மௌனமானார். "மாற்றி ஏதும் பிழைத்தால், முதலாளிக்கு என்ன பதில் சொல்வேன், சேர்?" என்றார். நியாயமான அச்சமே. அதற்கும் வழியுண்டு. முதலில் பேரேட்டைப் பிரதியெடுத்து, வலையோடு இணையாத தட்டொன்றில் வைக்க வேண்டும். பின்பு வேறொரு கணினியில் புதிய இயக்கியை ஏற்றிப் பற்றுவரவு, இருப்பு, பற்றுச்சீட்டு யாவும் சரிவர வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். சரியாயின், கடை பூட்டிய பின் மாற்றலாம். எந்தெந்த மென்பொருள், எந்தெந்தப் பதிப்பு என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை ஒப்பிடுதல் நன்று.

அப்பேரேட்டில் இருப்பது முதலாளியின் இலாபம் மட்டுமன்று. பிள்ளைகளின் பெருநாள் உடுப்பைக் கடனுக்கு வாங்கிச் சிறுகச் சிறுகச் செலுத்தும் ஏழைகளின் கணக்கும் உண்டு. அது குழம்பினால், கட்டிய பணத்தை மறுபடியும் கட்டுபவர் யார்?

சம்மாந்துறை வயல்வட்டையில் வரம்பிலே நண்டு வளையைக் கண்ட உழவன், "நீர் இன்னும் நிற்கிறதே" என்று அப்பால் போவதில்லை. ஒரு பிடி மண்ணால் அன்றே அடைக்கிறான். விடிந்தால் ஒரு பிடி மண் போதாது.