மலை சரியுமுன் மொழி சென்று சேரட்டும்!

சேலத்திற்கு வடகிழக்கே, சேர்வராயன் மலையின் அடியில் குப்பனூர் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டிற்கு ஒரு மலைச்சாலை ஏறுகின்றது. சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளோடு செல்லும் தலைமைச் சாலை அடைபடும்பொழுதெல்லாம், நோயாளியைக் கீழே இறக்குவதற்கும் அரிசியையும் மருந்தையும் மேலே ஏற்றுவதற்கும் மலைமக்கள் பெரிதும் நம்பியிருப்பது இக் குப்பனூர் வழியையே. ஆகவே, குப்பனூர்ச் சரிவு நிற்குமா, நில்லாதா என்பது ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்து வினா அன்று. பல்லாயிரம் மக்களின் உயிர்வினா.

2024ஆம் ஆண்டு நவம்பர் முடிவில் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்த பெஞ்சல் புயல், திசம்பர்த் தொடக்கத்தில் உள்நாட்டு மலைகளின்மேல் தன் நீரையெல்லாம் கொட்டிச் சென்றது. கிருட்டினகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்தது. ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரவு நின்றது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் உருண்டு வந்த பாறையும் சேறும் ஒரு வீட்டை மூடி, ஐந்து சிறார் உள்ளிட்ட எழுவரை விழுங்கின. அவ்வாண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்து, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது. 2009 நவம்பரில் நீலமலையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுள் புதைந்ததைப் பலர் மறந்தே போயினர். ஒவ்வொரு முறையும் நாம் அழுகின்றோம். ஆட்சியாளர் இழப்பீடு அறிவிக்கின்றனர். அடுத்த மழை வரை எல்லாரும் அமைதியடைகின்றோம். மலை ஏன் சரிகின்றது என்று கேட்பாரும் இல்லை. கேட்டாலும் அவர்க்கு விளங்கும் மொழியில் விடை சொல்வாரும் இல்லை.

விடை இல்லாமலில்லை. அது மிகத் தெளிவாகவே உள்ளது.

சரிவில் கிடக்கும் மண்ணைக் கீழே இழுப்பது அதன் எடை. இழுபடாமல் அதனைப் பிடித்து நிறுத்துவன இரண்டு: துகள்கள் தம்முள் கொண்ட பிணைப்பு ஒன்று, துகளோடு துகள் உரசுவதால் எழும் உராய்வு மற்றொன்று. பிரெஞ்சுப் பொறியாளர் கூலம் 1773இலேயே இவற்றைக் கணக்கிட்டுக் காட்டினார். பிடிக்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்து வரும் எண்ணைக் காப்பெண் என்போம். அது ஒன்றுக்கு மேலிருக்கும்வரை மலை நிற்கும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் சரியும்.

இனி, நீர் அங்குச் செய்யும் வேலையைப் பாருங்கள். ஆற்றுமணலில் சிறுமியர் கட்டும் சிற்றிலை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணலில் சிற்றில் நிற்காது. சற்றே ஈரமான மணலில் அழகாக நிற்கும். குடம் நீரை அதன்மேல் ஊற்றினால் அப்படியே கரைந்து படுத்துவிடும். சிறிதளவு ஈரம் துகள்களை இழுத்துப் பிடிக்கின்றது; நுண்புழைகளெல்லாம் நிறைந்த நீரோ அவற்றைத் தூக்கிப் பிரிக்கின்றது. உராய்வைத் தருவது மண்ணின் முழுச்சுமை அன்று, நீரழுத்தம் போக எஞ்சிய சுமையே என்பதை நிறுவி, மண்ணியக்கவியலை ஒரு தனித்துறையாக்கியவர் தெர்சாகி என்னும் அறிஞர்.

எளிய கணக்கொன்றால் இதனைக் காட்டலாம். 25 பாகை சாய்ந்த ஒரு சரிவு. உராய்வுக்கோணம் 35 பாகை. பிணைப்பே இல்லாத மண். உலர்ந்திருக்கும்பொழுது அதன் காப்பெண் 1.5. அதே மண்ணில் மேற்பரப்பு வரை நீர் நிறைந்து, சரிவின் போக்கிலேயே கசிந்தோடினால், காப்பெண் ஏறத்தாழப் பாதியாகி 0.75க்கு இறங்கிவிடும். மலையும் அதுவே, மண்ணும் அதுவே, சாய்வும் அதுவே. உள்ளிருக்கும் நீர் மட்டுமே மாறிற்று. அந்த ஒன்றே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேறுபாடு. ஆகவே மலையைக் காக்க விழைவோர் முதலில் அறிய வேண்டியது, மலைக்குள் நீர் எங்கே, எவ்வளவு, எவ்வகைப் புழையில் நிற்கின்றது என்பதே.

மண்ணைத் தோண்டாமல் அதனுள் இருக்கும் நீரைக் காண வழி உண்டா? உண்டு. அவ்வழியைத் தந்தது, மலையோடு தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் வேறொரு துறை. காந்த ஒத்ததிர்வு வேதியல் என்பது அதன் பெயர்.

நீரில் உள்ள நீரகத்தின் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம்; சுழலும் பம்பரம் தலையசைப்பது போலக் காந்தப் புலத்தில் அது தலையசைக்கும். ஊஞ்சலை அதன் ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால் சிறு தள்ளலும் பேராட்டமாவதன்றோ? அவ்வாறே, அத் தலையசைப்பின் விரைவோடு ஒத்த அலையைச் செலுத்தினால் அணுக்கரு அவ்வாற்றலை ஏற்றுச் சாய்கின்றது; அலையை நிறுத்தியதும் மெல்லத் தன்னிலைக்கு மீள்கின்றது; மீளும்பொழுது தானும் ஒரு மெல்லிய குறிப்பொலியை எழுப்புகின்றது. இதனை 1945-46இல் அமெரிக்காவில் பர்செல் குழுவினரும் புளோக்கு குழுவினரும் தனித்தனியே கண்டனர். 1952இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். 1951இல் எரிநறவப் பொருள் ஒன்றில் உள்ள நீரக அணுக்கருக்கள், தாம் அமர்ந்துள்ள இடத்திற்கேற்ப மூன்று வேறு குறிப்பொலிகளைத் தருவதைக் காட்டிய மூவருள் ஒருவர் தார்மட்டி என்னும் இந்திய அறிஞர். பின்னர் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இத்துறையை வேரூன்றச் செய்தவரும் அவரே. அன்று முதல் ஒரு பொருளின் மூலக்கூற்று அமைப்பை உடைக்காமல் படிக்கும் கண்ணாக இம்முறை வேதியலார்க்கு விளங்குகின்றது. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. என்று மக்கள் அறிந்திருப்பதும் இதன் கிளையே.

மலைக்கு இது உதவுவது எங்ஙனம்? தங்குதடையற்ற தூய நீரில் அக் குறிப்பொலி அடங்க இரண்டு மூன்று நொடிகள் ஆகும். அகன்ற மணற்புழையில் நிற்கும் நீரில் அது அதனினும் விரைவாக அடங்கும். களிமண்ணின் நுண்புழையில் சிக்கிய நீரிலோ நொடியின் ஆயிரத்தில் சில கூறுகளிலேயே அடங்கிவிடும். புழை சிறுக்கச் சிறுக்க நீர் சுவரில் மோதுவது மிகும் என்பதே கரணியம். எனவே, ஒலி அடங்கும் காலத்தை அளந்தால் நீரின் அளவை மட்டுமன்றி, அது ஓடக்கூடிய நீரா, ஒட்டிக்கொண்ட நீரா என்பதையும் அறியலாம். நிலவுலகின் இயல்பான காந்தப் புலத்தையே பயன்படுத்தி, தரையில் கம்பிவளையம் விரித்து, பல பத்து மீட்டர் ஆழத்து நீரை அளக்கும் கருவியை 1970களின் இறுதியிலும் 80களிலும் உருசிய அறிஞர் நோவோசிபிர்சுக்கில் உருவாக்கினர். நம் சேலம் வட்டாரத்துக் காந்தப் புலத்தில் அந்நீர் நொடிக்கு ஏறத்தாழ 1,700 முறை தலையசைக்கும். குப்பனூர் மலைக்குள் நிற்கும் நீரும் இந்நொடியில் அப்படித் தலையசைத்துக்கொண்டுதான் இருக்கின்றது. கேட்பதற்குத்தான் நம்மிடம் செவி இல்லை.

இதனை அப்படியே வாங்கி வந்து வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டா. மேலைநாட்டு மணற்படுகையில் நன்கு கேட்கும் ஒலி, சேர்வராயன் மலையில் கேளாமற் போகலாம். இம்மலையின் பாறையில் காந்த இரும்புக் கனியங்கள் உள. அப்பாறை நெடுங்கால மழையில் மட்கிய செம்மண்ணில் இரும்பு மிகுதி. மலையுச்சிகளில் பாக்சைட்டு படிந்திருப்பதே அம்மழை எத்துணை ஊழிகளாக இப்பாறையைத் தின்று வந்துள்ளது என்பதற்குச் சான்று. இவ்விரும்பு காந்தப் புலத்தைக் கலைக்கும். குறிப்பொலியை விரைந்து அடக்கும். ஆதலின் நம் மலைக்குரிய அளவீட்டை நம் மலையில்தான் செய்தல் வேண்டும். பிறர் மண்ணில் செய்த ஆய்வு நம் மண்ணைக் காக்காது. இஃது உணர்ச்சியுரை அன்று. வேதியல் சொல்லும் உண்மை.

அப்பாறையின் பெயரையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். சார்னகைட்டு என்பது அதன் உலகப்பெயர். கல்கத்தாவில் சார்னாக்கு என்னும் ஆங்கில வணிகரின் கல்லறைக்கு நம் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்ட கல் அது. 1893இல் ஆலந்து என்னும் நிலவியலார் அக்கல்லறையை ஆய்ந்து, அதில் துயில்பவரின் பெயரையே பாறைக்கு இட்டார். கல் நம்முடையது, பெயர் கல்லறையினுடையது. அதனைத் தூக்கிச் சென்றதற்காக நாம் சினக்க வேண்டுவதில்லை. அது நம் காலடியில் கிடந்தபொழுது ஆய்ந்து பெயரிட நாம் முன்வராமைக்காகவே நாணுதல் வேண்டும்.

அந்நாணம் இன்றும் தீர்ந்தபாடில்லை. சேலத்துப் பெரியார் பல்கலைக்கழக நிலவியலார், அண்டையிலுள்ள கொல்லிமலைச் சாலையின் வெட்டுச்சரிவுகளை ஆய்ந்துள்ளனர், பாராட்டத்தக்க பணி. அது வெளிவந்தது பன்னாட்டு ஆங்கில இதழ்களில். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 2014 முதல் நாடு முழுவதும் நிலச்சரிவுக்கு ஆட்படும் இடங்களை வரைபடமாக்கியது. இந்திய நிலப்பரப்பில் 12.6 விழுக்காடு அத்தகையது என்கின்றது. அவ்வரைபடங்களும் ஆங்கிலத்தில். சென்னையில் பணியாற்றிய சந்திரகுமாரும் சுப்பிரமணியனும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு பற்றி எழுதிய நூலொன்று 1987இல் வெளிவந்து உலக ஆய்வாளர் கைகளில் தவழ்ந்தது, அதுவும் ஆங்கிலத்தில். இவ்வறிஞரை நாம் குறைகூறவில்லை. தமிழில் எழுதித் தருக என்று அவர்களைக் கேட்டவர் யார்? எழுதியிருந்தால் அச்சிட்டவர் யார்? அதற்காக ஒரு மதிப்பெண்ணோ பதவியுயர்வோ தரும் பல்கலைக்கழகம் எது?

கொட்டச்சேட்டு மலைமகன் ஒருவன், தன் வீட்டின் பின்னுள்ள சரிவைப் பற்றி அறிஞர் என்ன எழுதியுள்ளனர் என்று படிக்க விரும்பினால், முதலில் ஆங்கிலம் கற்க வேண்டும் என்பது என்ன முறை? அவனுடைய வரிப்பணமும் சேர்ந்தன்றோ அவ்வாய்வு நடந்தது? அச்சரிவு விழுந்தால் சாகப்போகின்றவன் அவனன்றோ?

'தமிழில் சொற்கள் இல்லையே' என்பர் சிலர். 2010இலேயே அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலைத் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கிவிட்டது. இக்கட்டுரையில் காப்பெண், ஒத்ததிர்வு, நுண்புழை, உராய்வுக்கோணம் எனச் சொல்லி வந்தோமே, எவ்விடத்தில் உங்களுக்கு விளங்காமற் போயிற்று? இல்லாதது சொல் அன்று, மனம்.

ஆனால் நம்மவர்க்கும் ஒன்று சொல்லுதல் வேண்டும். அறிவியற் சொல்லொன்றைத் தமிழாக்கிவிட்டாலே அறிவியல் வந்துவிட்டதாக நாம் மகிழ்ந்து அடங்கிவிடுகின்றோம். சொற்பட்டியல் மலையைத் தாங்காது. சொல்லை ஆக்கியவர் அச்சொல் பயன்படும் இடத்திற்குச் சென்று நின்று, அதனை மக்கள் வாயில் வழங்கச் செய்தல் வேண்டும். மலைமக்கள் தாமே வழங்கும் ஊற்று, கசிவு, சுனை முதலிய சொற்களை அவர்களிடமிருந்து நாம் கற்றலும் வேண்டும். மலைநீரை நாள்தோறும் காண்பவர் அவர்களே.

ஆகவே நாம் வலியுறுத்துவன இவை:

ஒன்று: குப்பனூர் முதல் ஏற்காடு வரையுள்ள சரிவுகளின் இடர்வரைபடம், ஊர்ப்பெயரும் ஓடைப்பெயரும் தமிழில் குறிக்கப்பெற்று, ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் சுவரில் தொங்குதல் வேண்டும்.

இரண்டு: மழைமானிகளும் மண்ணின் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளும் அச்சரிவுகளில் நடப்பெறல் வேண்டும். எவ்வளவு மழைக்குமேல் சாலையை மூடுவது, எவ்வீட்டாரை வெளியேற்றுவது என்பது முன்னரே முடிவு செய்யப்பெற்று அறிவிக்கப்பெறல் வேண்டும்.

மூன்று: சாலையோரத் தாங்குசுவர்களின் கசிவுத்துளைகள் மழைக்கு முன் ஆண்டுதோறும் துப்புரவு செய்யப்பெறல் வேண்டும். துளை அடைபட்ட சுவர் மலைக்குக் காவல் அன்று; உள்ளே நீரைத் தேக்கும் அணை. பெருஞ்செலவில்லாத இப்பணிக்கு எந்த அயல்நாட்டுக் கருவியும் வேண்டா.

நான்கு: தமிழ்நாட்டு மண்ணைப் பற்றிப் பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு ஒவ்வொன்றிற்கும், மக்களுக்கு விளங்கும் தமிழ்ச் சுருக்கம் ஒன்று கட்டாயமாக்கப்பெறல் வேண்டும். காந்த ஒத்ததிர்வு வல்லுநரும் மண்ணியல் வல்லுநரும் ஒன்றுகூடிச் சேர்வராயன் மண்ணை ஆய்வதற்கு அரசு வழிசெய்தல் வேண்டும்.

அதுவரை, மலையடியில் வாழும் நம் உடன்பிறந்தார்க்கு இவ்விதழைப் படிப்போர் இவற்றையேனும் சொல்லுங்கள். தெளிந்து வந்த ஊற்று திடுமெனக் கலங்கினாலும், நெடுநாள் வராத இடத்தில் நீர் கசிந்தாலும், ஓடைநீர் மழைக்கிடையில் திடுமெனக் குறைந்தாலும், நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்ந்தாலும், தரையில் வெடிப்பு விரிந்தாலும், கதவு நிலையில் இறுகினாலும் காத்திருக்க வேண்டா. அவ்விடத்தை விட்டு விலகி, ஓடைவழியைத் தவிர்த்து, உறுதியான நிலத்திற்குச் செல்லுதல் வேண்டும். இரவென்றும் மழையென்றும் பாராமல் செல்லுதல் வேண்டும்.

மொழியைக் காப்பதும் மக்களைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள் என்று எண்ணுவோர் குப்பனூருக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். அங்கே, விளங்காத மொழியில் எழுதப்பெற்ற முன்னறிவிப்பும், எழுதப்பெறாத முன்னறிவிப்பும் ஒன்றே. அடுத்த வடகிழக்குப் பருவமழை எவருக்காகவும் காத்திராது. அதற்கு முன் அம்மலைமக்களின் வாயிற்படியை அறிவு சென்று சேர்தல் வேண்டும். தமிழில் சென்று சேர்தல் வேண்டும்!